தோட்டத்துக்குள்ளே நமக்கு ஒரு தோட்டம்

(தோட்ட மாதர் சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரி அலுவலர் ஆற்றிய உரை. அங்கத்தவர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க இங்கு பிரசுரிக்கப்படுகின்றது.)



விடியக்காலையில் பிரட்டுக்குப் போய், மலையேறிக் கொழுந்து பறித்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு, பிள்ளைக் காம்பராவிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறீங்க. உங்க கால் வலி எனக்குத் தெரியும். ஆகவே தேவையானதை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

இன்றைக்குப் பேசப்போவது வீட்டுத் தோட்டம் பற்றி. "தோட்டத்திலேயே பிறந்து தோட்டத்திலேயே வேலை செய்யுற எங்களுக்குத் தோட்டம் போடச் சொல்லித்தர வந்துட்டாங்க" என்று மூலையில் ஒரு அக்கா சிரிக்கிறாங்க. நியாயமான சிரிப்புத்தான். தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணைக் கொத்தி, கான் வெட்டி, கன்று நட்டு, கவ்வாத்து வெட்டிய கைகள் நம்முடையவை. ஆனால் அந்தக் கைகள் வளர்த்தது எல்லாம் பெட்டியிலும் சாக்கிலும் கப்பல் ஏறிப் போனது. நம்ம சட்டிக்குள் விழுந்தது எவ்வளவு? அதுதான் என் கேள்வி.

சில வீடுகளில் கடைக் கடன் கொப்பியை எனக்குக் காட்டியிருக்கிறீங்க. அரிசி, மா, சீனி, பருப்பு எழுதியிருந்தால் சரி. அதை லயத்து வாசலில் விளைவிக்க முடியாது. ஆனால் பச்சைக் கொச்சிக்காய், ரம்பை, வல்லாரைக் கட்டு, கறிவேப்பிலை, இவையும் அதே கொப்பியில் இருக்கு. கறிவேப்பிலையைக் கடனுக்கு வாங்குற நிலைமை வந்துவிட்டால் அதைப் பற்றிப் பேசத்தான் வேணும்.

முதலில் என் பிழையைச் சொல்கிறேன்

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், வேறொரு தோட்டத்தில் நாற்பது வீட்டுக்குக் கன்று கொடுத்தோம். கத்தரி, தக்காளி, மிளகாய் என்று தட்டுத் தட்டாக வந்து இறங்கியது. வரிசையில் நிற்க வைத்துக் கொடுத்தோம், படமும் எடுத்தோம். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஏழெட்டு வீட்டில்தான் ஏதோ மிஞ்சியிருந்தது. கூட வந்த ஒருவர், "இந்தச் சனத்துக்கு எதைக் கொடுத்தாலும் அக்கறை இல்லை" என்றார். நானும் ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு வீடு வீடாக ஏறி இறங்கிக் கேட்டேன். ஒரு வீட்டில் கோழி கொத்திவிட்டது, அடைக்க வேலி இல்லை. ஒரு வீட்டில் பீலியிலிருந்து தண்ணி தூக்க ஆள் இல்லை, அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போனால் வீட்டில் இருப்பது கால் நடக்க முடியாத பாட்டி. இன்னொரு வீட்டில், "எங்க பிள்ளைங்க கத்தரிக்காயைத் தொடவே மாட்டாங்க மிஸ், நீங்க கொடுத்தீங்க, வேணாம்னு சொல்லக் கூச்சமா இருந்திச்சு" என்றாங்க.

எங்கே நடுவீங்க, தண்ணி எங்கிருந்து வரும், வீட்டில் என்ன சாப்பிடுவீங்க என்ற மூன்று கேள்வியையும் நான் கேட்கவே இல்லை. அக்கறை இல்லாதது அந்தச் சனத்துக்கு அல்ல, எனக்குத்தான். அதிலும் எனக்குக் கூடுதலான வெட்கம், ஏனென்றால் இதையெல்லாம் எனக்குச் சின்ன வயதிலேயே காட்டித்தந்த ஆள் என் வீட்டிலேயே இருந்தாங்க. அது என் அம்மா.

வாளி எட்டுற தூரம்

உங்களில் பலருக்குத் தெரியாது, நான் கலியாணம் கட்டித்தான் மலைநாட்டுக்கு வந்தேன். பிறந்தது வளர்ந்தது எல்லாம் கிளிநொச்சி, இரணைமடுப் பக்கம். ஆனால் என் அம்மாவும் அப்பாவும் லயத்துக் காம்பராவில் பிறந்தவங்கதான். 1973, 74-ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் வந்த பஞ்சத்தை இங்கே இருக்கிற மூத்தவங்க மறந்திருக்கமாட்டீங்க. அதற்குப் பிறகு 1977 கலவரம். அந்தக் காலங்களில் மலைநாட்டை விட்டு வன்னிக்குப் போன ஆயிரக்கணக்கான குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் என்று கிளிநொச்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்றைக்கும் நம்ம சனம் வாழுது.

இரணைமடு என்பது பெரிய குளம். இரணை என்றால் இரட்டை. கனகராயன் ஆறு வந்து சேருகிற அந்த இடத்தில் 1900-களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரன் குளவேலையைத் தொடங்கினான். 1920-ஐ ஒட்டி அது முடிந்தது. பிறகும் பல தடவை அணைக்கட்டை உயர்த்திக் கட்டினாங்க. கிளிநொச்சியின் வயல்களுக்கு உயிர் அந்தக் குளம்தான். "அவ்வளவு பெரிய குளம் பக்கத்தில் இருந்தால் தண்ணிக்கு என்ன குறை?" என்று நீங்க கேட்கலாம். வாய்க்கால் தண்ணி கீழே வயலுக்குப் போகும். பிந்திப் போன எங்களுக்குக் கிடைத்தது காடு வெட்டின மேட்டுக்காணி. குளத்தைக் கண்ணால் பார்க்கலாம், தண்ணி கைக்கு எட்டாது. பல வீட்டுக்குப் பொதுவாக ஒரு கிணறு. ஐப்பசியில் தொடங்கி மாரி கொட்டும், தை கழிந்தால் குறையும். வைகாசியில் சோளகக் காற்றுத் தொடங்கினால் மண் பொரிந்துவிடும்.

இங்கே மழையில் பழகின அம்மா, போன முதல் வருஷம் மாரி பார்த்துக் காணி முழுக்க விதைத்தாங்களாம். எல்லாம் பச்சைப் பசேல் என்று வந்ததாம். சித்திரை தாண்டுவதற்குள் எல்லாம் கருகிப் போனது. விதைக்காசும் போனது, முதுகும் ஒடிந்தது. அழுதுகொண்டு நின்ற அம்மாவிடம் பக்கத்துக் காணி ஆச்சி வந்து சொன்னாவாம்: "ஏன் பிள்ளை அழுகிறாய்? காணி பெரிசெண்டு தோட்டத்தைப் பெரிசாக்காதை. உன்ரை வாளி எட்டுற தூரந்தான் உன்ரை தோட்டம்."

இந்த ஒரு பேச்சை அம்மா வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டாங்க. கை, கால், பாத்திரம் கழுவுகிற இடத்திலிருந்து ஒரு முழ அகலத்தில் சின்னக் கான் வெட்டி, அது போய் முடிகிற இடத்தில் இரண்டு வாழை வைத்தாங்க. வாழையின் நிழலில் கொச்சியும் பசளியும். அரிசி கழுவின தண்ணி கீரைக்கு. தென்னம்பொச்சை மண்ணுக்குள் கவிழ்த்துப் புதைத்து அதன் மேலே செடி வைத்தால், பொச்சு குடித்த தண்ணியைச் செடி நாலு நாளைக்கு மெதுவாக எடுத்துக்கொள்ளும். வேலிக்குக் கம்பி வாங்கவில்லை. கிளுவைக் கதியாலும் சீமைக்கிளுவைத் தடியும் நட்டாங்க. அது வேர்விட்டு வேலியாகவும் நின்றது, வெட்டி மண்ணில் போட்டால் பசளையாகவும் ஆனது. கடையில் வாங்கின சாமான் என்று பார்த்தால் ஒரு மண்வெட்டிதான்.

தடைக்காலம்

1990-இல் போர் மறுபடி தொடங்கின பிறகு வன்னிக்குச் சாமான் வருவதற்குத் தடை வந்தது. எரிபொருள், யூரியா உரம், பற்றரி, சவர்க்காரம் எல்லாம் தட்டுப்பாடு. உரமும் மண்ணெண்ணெயும் இல்லாமல் பெரிய வயல்காரர் திண்டாடினாங்க. எங்கள் வாழையடித் தோட்டத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் அது கடையை நம்பித் தொடங்கின தோட்டமே இல்லை. சம்பல் அரைக்கக் கொச்சி இருந்தது, வறை வறுக்கக் கீரை இருந்தது, அரிசி இல்லாத நாளுக்கு மரவள்ளி இருந்தது. நாங்கள் நாலு பிள்ளைகள். வயிறு நிறைந்தது என்று பொய் சொல்லமாட்டேன். வெறும் வயிற்றோடு படுக்கவில்லை என்று மட்டும் சொல்வேன்.

அதே காலத்தில், கடலுக்கு அப்பால் கியூபா என்ற தேசத்திலும் இதே நிலைமை வந்தது. 1991-இல் சோவியத் நாடு உடைந்ததும் அவங்களுக்கு வந்த எண்ணெயும் உரமும் நின்றுபோனது. ஹவானா நகரத்துச் சனம் வீட்டுக்குப் பின்னாலும் வெறும் வளவுகளிலும் மரக்கறி போட்டாங்க. நம்ம நாட்டிலும் 2022-இல் விலைவாசி ஏறி நின்றபோது, அரசாங்க உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டில் பயிர் செய்யச் சொன்னாங்க. அந்த லீவு நமக்கு வரவில்லை என்பது வேறு கதை.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேணும். 2021-இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தினதில் நெல்லும் தேயிலையும் அடிபட்டது உங்களுக்கே தெரியும். நூற்றுக்கணக்கான ஏக்கரை ஒரே நாளில் குப்பை எருவில் ஓட்ட முடியாது. ஆனால் ஒரு வீட்டுக் குப்பையும் ஒரு வீட்டுக் கழுவு தண்ணியும் ஒரு சின்னத் துண்டு நிலத்துக்குப் போதும். சின்னதாக இருக்கிறதுதான் வீட்டுத் தோட்டத்தின் பலம்.

காசில்லாமல் ஐந்து

ஆகவே உங்களிடம் கன்று வாங்கச் சொல்லவில்லை, கடன் எடுக்கச் சொல்லவில்லை. முதல் மாதத்தில் ஐந்தே ஐந்து செடி. ஐந்தும் இந்தக் கூட்டத்தில் இருக்கிற யாரோ ஒருத்தர் வீட்டில் ஏற்கனவே இருக்கு.

1. பொன்னாங்காணி. சாண் நீளத் தண்டு ஒடித்துக் குத்தினால் போதும். ஐந்து ஆறு கிழமையில் முதல் கட்டு அறுக்கலாம். வேரோடு பிடுங்காமல் நுனியை அறுங்க, மறுபடி தழைக்கும்.

2. வல்லாரை. ஓடுகிற கொடியில் வேர்விட்ட துண்டு ஒன்று. ஈரமும் கொஞ்சம் நிழலும் வேணும். பீலித் தண்ணி வழிகிற ஓரம் இதற்கென்றே செய்தது. மேலே கக்கூஸ் தண்ணி கலக்காத இடமாகப் பாருங்க, பச்சையாகச் சம்பல் போடுகிற கீரை இது.

3. பசளி. தண்டு வைத்தாலும் வரும், விதையிலும் வரும். இஸ்தோப்புத் தூணில் ஒரு கயிறு கட்டி ஏற்றிவிடுங்க.

4. கொச்சி. பழுத்த சிவப்புக் காய் இரண்டைப் பக்கத்து வீட்டில் கேளுங்க. விதையை நிழலில் காயவைத்து ஒரு சிரட்டையில் நாற்றுப் போடுங்க. மூன்று மாதமளவில் காய்க்கும். ஐந்து செடி இருந்தால் ஒரு குடும்பத்தின் கறிக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

5. கறிவேப்பிலை. பெரிய மரத்தைச் சுற்றி வேரிலிருந்து முளைக்கிற குட்டிக் கன்றை மண்ணோடு எடுத்து வையுங்க. முதல் வருஷம் இலை ஒடிக்க அவசரப்படாதீங்க.

இந்த ஐந்தும் பிடித்த பிறகுதான் காசு. அதற்கும் ஒரு எல்லை வையுங்க. அரைப்பேர் சம்பளத்துக்கு மேல் ஒரு சதமும் வேண்டாம். ஒரு பைக்கற் போஞ்சி விதையை ஐந்து வீடு சேர்ந்து வாங்கலாம். ஒரு வீட்டு மண்வெட்டி ஒரு லயத்துக்கே போதும்.

வன்னியில் செய்ததை அப்படியே இங்கே செய்யக்கூடாது. அங்கே தண்ணியைத் தேடிப் பிடிக்க வேணும், இங்கே தண்ணி மண்ணை அடித்துக்கொண்டு போகும். சரிவுக்குக் குறுக்கே கல் அடுக்கி, அதன் மேற்புறம் பாத்தி கட்டுங்க. இடமே இல்லாத வீட்டுக்குப் பழைய உரச் சாக்கைக் கழுவி, அடியில் கல் போட்டு, மேலே மண்ணும் மக்கின குப்பையும் நிரப்பினால் அதுவே பாத்தி. தேயிலை மண் புளிப்பு மண். விறகு அடுப்புச் சாம்பலைக் கொஞ்சம் தூவினால் மரக்கறிக்கு நல்லது, ஒரு கைக்கு மேல் அள்ளிக் கொட்டாதீங்க. முருங்கையும் வெண்டியும் சூடு கேட்கிற பயிர். நம்ம தோட்டம் நடுத்தர உயரம் என்பதால் வெயில் விழுகிற பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நுவரெலியாப் பக்கத்துக் குளிர்த் தோட்டங்களில் இருந்து இதைப் படிக்கிறவங்க போஞ்சி, கோவா, லீக்ஸ், பீட்ரூட் பக்கம் போங்க.

பசளைக்கு மூன்றடிக்கு மூன்றடி இடம் போதும். மரக்கறித் தோல், தேத்தூள் மண்டி, காய்ந்த இலை, சாணம் கிடைத்தால் சாணம். பச்சையும் காய்ந்ததும் மாறி மாறி அடுக்கி, ஈரம் பார்த்து, இரண்டு கிழமைக்கு ஒருதரம் கிளறுங்க. மூன்று மாதமாகும், குளிரில் இன்னும் கொஞ்சம் கூடும்.

இரண்டு எச்சரிக்கை. களைநாசினி, பூச்சிமருந்து வந்த கலனை எத்தனை தரம் கழுவினாலும் செடி வைக்கவோ தண்ணி மொள்ளவோ எடுக்காதீங்க. தோட்டத்து ஸ்டோர் உரத்தில் கை வைக்காதீங்க, வேலைக்கு வம்பு. அதோடு, சிரட்டையிலும் டயரிலும் தண்ணி தேங்க விடாதீங்க. கீரை வளர்க்கப் போய் டெங்கு வளர்க்கக் கூடாது. சவர்க்காரத் தண்ணியை வாழைக்கு விடலாம், கீரைக்கு வேண்டாம்.

சட்டியில் விழுந்தால்தான் தோட்டம்

கிளினிக்கில் இரத்தம் குறைவு என்று மிட்வைஃப் அம்மா எழுதிக் கொடுத்த துண்டு இங்கே பல பேர் கையில் இருக்கு. கீரையில் இரும்புச் சத்து இருக்கு என்று எல்லோரும் சொல்வாங்க. ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்லுகிறேன். சாப்பாட்டோடும் சாப்பிட்ட கையோடும் தேத்தண்ணி குடித்தால் அந்தச் சத்து உடம்பில் சேருவது குறைந்துபோகும். தேயிலைக்காரங்க நமக்கு இது கஷ்டமான பேச்சுத்தான். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை, ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்க. கீரைச் சம்பலில் தேசிக்காய் பிழியுங்க, அது சத்தைச் சேர்த்துக் கொடுக்கும். கிளினிக்கில் தருகிற இரும்புக் குளிசையையும் நிறுத்தாதீங்க. கீரை குளிசைக்குத் துணை, பதில் அல்ல. மரவள்ளி வைக்கிறவங்க தோலை முழுதாகச் சீவி, மூடி போடாமல் நன்றாக அவித்து, அந்தத் தண்ணியை ஊற்றிவிடுங்க.

கொடுத்த விதை

இனி விதை பற்றி. அம்மா முதல் காய்ப்பில் நல்ல செடியைப் பார்த்து ஒரு காயை விட்டுவைப்பாங்க. முற்றிக் காய்ந்ததும் விதையெடுத்துச் சாம்பலில் பிரட்டி, துணியில் முடிந்து அடுப்புக்கு மேலே புகை படக் கட்டுவாங்க. பைக்கற்றில் கலப்பின விதை என்று போட்டிருந்தால் அதிலிருந்து எடுக்கிற விதை தாயைப்போல வராது. நாட்டு விதையாகப் பார்த்து எடுங்க.

1996-இல் கிளிநொச்சிச் சண்டையில் நாங்கள் இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரம் பக்கம் ஓடினபோது, அம்மாவின் முந்தானையில் இருந்தது அந்த விதை முடிச்சு. மரத்தடியில் கொட்டில் போட்ட மறுநாளே பொன்னாங்காணி குத்தினாங்க. 2008 கடைசியில் மறுபடி ஓடினோம். அந்தத் தடவை முடிச்சும் போனது, அதைவிடப் பெரிதும் போனது. அதை நான் இங்கே பேசவில்லை. செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டு 2010-இல் காணிக்குத் திரும்பினபோது வீடு இல்லை, வேலி இல்லை, வாழை இல்லை. கறிவேப்பிலை மட்டும் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்து நின்றது. அம்மாவிடம் ஒரு விதைகூட இல்லை.

சமாதான காலத்தில், 2003-இல் என்று நினைக்கிறேன், வவுனியாவிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரப் பெண்ணுக்கு அம்மா பயிற்றை விதையும் கொச்சி விதையும் முடிந்து கொடுத்திருந்தாங்க. நாங்கள் திரும்பினதைக் கேள்விப்பட்டு அவங்க ஒரு கடதாசிச் சுருளோடு வந்தாங்க. "பெரியம்மா, இது உங்கட விதைதான், வருஷா வருஷம் போட்டு எடுத்தனான்" என்றாங்க. அம்மா அன்றைக்குத்தான் முகாமிலிருந்து வந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தாங்க. ஒளித்து வைத்த விதை தொலைந்தது, கொடுத்த விதைதான் வீடு வந்து சேர்ந்தது. இன்றைக்கு நான் கொண்டுவந்திருக்கிற இந்த முடிச்சு அந்தப் பயிற்றைதான்.

சொந்தமில்லாத மண்ணில் எதற்கு?

இது உங்கள் மனதில் இருக்கிற கேள்வி. "லயமும் நமக்குச் சொந்தமில்லை, வாசலும் சொந்தமில்லை, நாளைக்கு எழும்பச் சொன்னால்?" நியாயமான பயம். காணி உரிமை வேணும், ஏழு பேர்ச்சோ பத்துப் பேர்ச்சோ, நம்ம பேரில் உறுதியோடு வேணும். அந்தக் கோரிக்கையை வீட்டுத் தோட்டத்தைக் காட்டி யாரும் மூட முடியாது. ஆனால் உறுதி வரும்வரை பிள்ளையின் இரத்தம் காத்திருக்காது. தென்னை வைக்க உறுதி வேணும், மா வைக்க உறுதி வேணும். ஐந்து கிழமையில் அறுக்கிற கீரைக்கு உறுதி வேண்டாம். சாக்கில் வளர்த்தால் போகும்போது தூக்கிக்கொண்டும் போகலாம். வேலி போட, பாத்தி கட்ட முதல் ஒரு வார்த்தை நிருவாகத்திடம் சொல்லிவிடுவோம். அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். பயிரில் நோய் கண்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்குப் பேசுங்க, இல்லாவிட்டால் விவசாயப் போதனாசிரியரைக் கூட்டிவர என்னிடம் சொல்லுங்க.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வெறுங்கையோடு வராதீங்க. வீட்டில் எது அதிகமாக இருக்கோ, ஒரு தண்டோ ஒரு கன்றோ ஒரு பிடி விதையோ கொண்டுவாங்க. இந்த மேசையில் வைப்போம், வேணுமென்கிறவங்க எடுத்துப் போகட்டும். இந்த முறை நான் கன்று கொண்டுவரமாட்டேன். மூன்று கேள்வி மட்டும் கேட்பேன்: எங்கே நட்டீங்க, தண்ணி எங்கிருந்து, பிள்ளைங்க சாப்பிட்டாங்களா?

அம்மா இப்போதும் இரணைமடுவில்தான் இருக்காங்க. எழுபது கடந்துவிட்டது, வாளி தூக்க முடியாது. தோட்டமும் அதற்கேற்ற மாதிரிச் சின்னதாகிவிட்டது, ஒரு வாழை, ஒரு கொச்சி, கொஞ்சம் கீரை. போன் எடுத்தால் என் சுகம் கேட்பதற்கு முதல், "பயிற்றை காய்ச்சிருச்சா?" என்றுதான் கேட்பாங்க. அடுத்த தடவை கேட்கும்போது, இந்த லயத்தில் இத்தனை வீட்டில் காய்ச்சிருக்கு அம்மா என்று சொல்ல ஆசைப்படுகிறேன்.